காட்டுக்குள்ள போற ஊர் ரோட்டை கெடாம பாத்துக்கறது எப்படி: முழு வழிகாட்டி

தாளவாடி, கடம்பூர், பர்கூர், கூடலூர், வால்பாறைன்னு எந்த மலைப்பக்கம் போய் கேட்டாலும் ரோட்டைப் பத்தி ஒரே புலம்பல்தான். புதுசா தார் போடுவாங்க, ரெண்டு மழைக்காலம் தாங்கும், மூணாவது மழையில ஒரு பக்கம் அறுத்துக்கிட்டு போயிரும், அதுக்கப்புறம் அடுத்த டெண்டர் வர்ற வரைக்கும் பஸ்ஸும் வராது, 108-ம் வராது, பிரசவ வலி வந்த பொண்ணை தூளி கட்டித்தான் தூக்கிட்டு வரணும். காசு இல்லாததால மட்டும் இப்படி ஆகறதில்ல. போட்ட ரோட்டை பாத்துக்க ஆள் கிடையாது, பாத்துக்கணும்னு நினைக்கறவங்களுக்கும் எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியறதில்ல. வார்டு மெம்பர், கிராம சபையில எழுந்து பேசற பசங்க, சின்ன கான்ட்ராக்ட் எடுத்து செய்யறவங்க, எஸ்டேட் ரோட்டை பாத்துக்கற சூப்பர்வைசர், இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ரோடுகளை மனசுல வெச்சு எழுதினது, சமவெளி ரோட்டுக்கு இதுல பாதி பொருந்தாது.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வரும். காட்டு ரோட்டை உடைக்கறது தண்ணி. ஒரு நாளைக்கு நாலு பஸ், பத்து ஜீப், கொஞ்சம் பைக் போற ரோடு வண்டி வெயிட்டால தேயவே பல வருஷம் ஆகும், ஆனா ஒரே ஒரு ராத்திரி மழைத்தண்ணி தப்பான பக்கம் திரும்பினா போதும், காலையில பாதி ரோடு பள்ளத்துல கிடக்கும். அதனால கையில பத்து ரூபா இருந்தா அஞ்சு ரூபாயை தண்ணி போற வழிக்கு செலவு பண்ணுங்க, மிச்சத்துல ரோட்டு மேல்பரப்பை பாருங்க. இந்த வரிசையை மாத்தினா எவ்வளவு நல்ல தார் போட்டாலும் நிக்காது.

1. ரோடு யாரோடதுன்னு கண்டுபிடிங்க

கேக்க சின்ன விஷயமா தெரியும், ஆனா பாதி வேலை இங்கதான் நின்னு போகுது. ஒரே ரோட்டுல முதல் மூணு கிலோமீட்டர் ஹைவேஸ், அடுத்த ரெண்டு ஊராட்சி ஒன்றியம், அதுக்கு அந்தப்பக்கம் ஃபாரஸ்ட், நடுவுல ஒரு துண்டு எஸ்டேட், நீலகிரி பக்கம்னா மின்வாரியம் அணை கட்டும்போது போட்ட ரோடு வேற. குழி விழுந்ததும் எல்லாரும் அடுத்தவங்களை கைகாட்டுவாங்க. ஒன்றிய ஆபீஸ்ல சாலைப் பதிவேடு இருக்கும், அதுல உங்க ரோடு இருக்கா, எத்தனை கிலோமீட்டர், எத்தனை அகலம், எந்த வருஷம் எந்த திட்டத்துல கடைசியா வேலை நடந்ததுன்னு பாத்து நகல் வாங்குங்க. குடுக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டா போதும்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல போட்ட ரோடா இருந்தா அஞ்சு வருஷத்துக்கு அதை சரிபண்ற பொறுப்பு போட்ட கான்ட்ராக்டரோடதே. ரோட்டு முனையில நிக்கற போர்டுல வேலை முடிஞ்ச தேதி, கான்ட்ராக்டர் பேர், பராமரிப்புக் காலம் எல்லாம் எழுதியிருக்கும். அந்த போர்டை இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. நிறைய ஊர்ல அஞ்சு வருஷமும் ஒரு புகார் கூட குடுக்காம விட்டுட்டு ஆறாவது வருஷம் போய் கேக்கறாங்க, அப்ப யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

2. அனுமதி: எதுக்கு வேணும், எதுக்கு அவ்வளவு கஷ்டம் இல்ல

வன நிலத்துல போற ரோடுன்னா 1980-ம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்க வரும் (2023-ல பேரை மாத்தி திருத்தம் கொண்டுவந்தாங்க, அடிப்படை அதேதான்). அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1980 அக்டோபர் 25. அதுக்கு முன்னாடியே இருந்த ரோடா உங்களோடதுன்னு காட்ட முடிஞ்சா, அகலப்படுத்தாம மரம் வெட்டாம இருக்கற ரோட்டையே சரிபண்றதுக்கு பெரிய தடை கிடையாது, மண் ரோட்டை பக்கா ரோடாக்கறதுக்குக்கூட வழி இருக்கு. அதனால பழைய ஆதாரம் தேடுங்க: பழைய சர்வே மேப், காப்புக்காடா அறிவிச்சப்ப எழுதின வழிப்பாதை உரிமை, பழைய பஸ் பெர்மிட், ரோட்டு ஓரத்துல நிக்கற பழைய மைல் கல், பாலத்துல வருஷம் பொறிச்சிருக்கற கல்லு, எல்லாமே உதவும்.

ஆதாரம் இல்ல, இல்லைன்னா புதுசா ஒரு துண்டு ரோடு வேணும்னா பழங்குடி கிராமங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. 2006 வன உரிமைச் சட்டத்தோட பிரிவு 3(2). பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிதண்ணி பைப்புன்னு 13 வசதிகளுக்கு வன நிலம் குடுக்கலாம்னு அதுல இருக்கு, ரோடும் அதுல ஒண்ணு. கண்டிஷன் மூணு: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்கு குறைவா இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரை பண்ணணும். ரோடு போடற டிபார்ட்மென்ட் படிவம் ஏ-ல விண்ணப்பிக்கும், கிராம சபை தீர்மானம் போடும், ரேஞ்சர் வந்து பாத்து படிவம் பி எழுதுவார், டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) முடிவு பண்ணுவார், அவர் முடியாதுன்னா கலெக்டர் தலைமையில இருக்கற மாவட்டக் கமிட்டிக்கு போகும். டெல்லி வரைக்கும் ஃபைல் ஓட வேண்டியதில்ல.

இந்த ஒரு ஹெக்டேர் கணக்கை கவனமா போடுங்க. ஹெக்டேர்னா 10,000 சதுர மீட்டர். ரோடு அகலம் 3.75 மீட்டர் மட்டும் கணக்கு வெச்சா 2.6 கிலோமீட்டர் கிட்ட வரும். வாய்க்கால், ஓரம் எல்லாம் சேத்து 6 மீட்டர்னா 1.6 கிலோமீட்டர்தான். எஸ்டிமேட்ல வாய்க்காலை விட்டுட்டு நீளத்தை கூட்டி காட்டுவாங்க, அதுக்கு சம்மதிக்காதீங்க, வாய்க்கால் இல்லாத ரெண்டரை கிலோமீட்டரை விட வாய்க்காலோட ஒன்றரை கிலோமீட்டர் எவ்வளவோ மேல்.

சரணாலயம், புலிகள் காப்பகம்னா கதை வேற. சத்தியமங்கலம் 2008-ல சரணாலயம் ஆச்சு, 2013-ல புலிகள் காப்பகம் ஆச்சு, அதுக்குள்ள இருக்கற ஊர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் காப்பக அதிகாரிங்க சம்மதம் வேணும், கோர் ஏரியான்னா (காப்பகத்தோட மையப்பகுதி) புது வேலைக்கு தேசிய வனவிலங்கு வாரியம் வரைக்கும் போகும். இருக்கற ரோட்டை இருக்கற அகலத்துல பராமரிக்கறதுதான் அங்க நடைமுறையில சாத்தியம். எனக்கு அதுல வருத்தம் இல்ல. ஒரு பஸ் போக அகலம் இருந்தா ஊருக்கு போதும், அகலம் கூடினா வேகம் கூடும், வேகம் கூடினா மானும் சிறுத்தையும் அடிபடும்.

வேலைக்கு வேணும்னு காட்டுக்குள்ளயே கல்லு உடைக்கறது, ஓடையில மணல் அள்றது, செம்மண் தோண்டறது எல்லாம் வனக்குற்றம். ஊர்க்காரங்க நல்லதுக்கு செஞ்சாலும் கேஸ்தான். பொருள் எல்லாம் வெளியில இருந்து பில்லோட வரணும்.

3. மழை பெய்யும்போது நடந்து பாருங்க

இந்த ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சா மிச்சம் தானா புரியும். வெயில் நேரத்துல ஜீப்ல போய் பாத்து எழுதற எஸ்டிமேட்டுல குழி மட்டும்தான் இருக்கும். குடையும் ரெயின்கோட்டும் எடுத்துக்கிட்டு நல்ல மழை பெய்யற நேரத்துல (இடி மின்னல் இல்லாதப்ப, யானை நடமாட்டம் இருக்கான்னு ஃபாரஸ்ட் வாட்சர்கிட்ட கேட்டுட்டு, குறைஞ்சது மூணு பேரா) மேல இருந்து கீழ நடந்து வாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு நாள் ரோட்டுக்கு நம்பர் போட்டுடுங்க. 100 மீட்டர் டேப் வெச்சு அளந்து, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பாறையிலயோ கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய்ப் பாலம்) சுவர்லயோ பெயின்ட்ல எழுதுங்க, மரத்துல ஆணி அடிக்கவும் வேண்டாம், பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். அதுக்கப்புறம் "பெரிய புளியமரம் தாண்டி ரெண்டாவது வளைவு"ன்னு சொல்லாம "2.3 கிலோமீட்டர், பள்ளப்பக்கம்"னு எழுத முடியும், இன்ஜினியர்கிட்டயும் அந்த பாஷையில பேசினாத்தான் வேலை நடக்கும்.

மழையில என்ன பாக்கணும்னா, தண்ணி எந்த இடத்துல வாய்க்காலை விட்டு ரோட்டுக்கு ஏறுது, எவ்வளவு தூரம் ரோட்டு மேலயே ஓடுது, எங்க இறங்குது. இறங்கற இடத்துல மண் அரிச்சு சின்ன ஓடை மாதிரி விழுந்திருக்கும், அடுத்த மழையில ரோடு அறுக்கப்போறது அங்கதான். கல்வெர்ட்ல மேல்பக்கம் தண்ணி தேங்கி நிக்குதா, கீழ்பக்கம் ஊத்துதான்னு ரெண்டு பக்கமும் எட்டிப் பாருங்க. மேல தேங்கி கீழ சொட்டுதுன்னா உள்ள அடைப்பு. தண்ணி நிறத்தையும் பாருங்க. காட்டுக்குள்ள இருந்து வர்ற தண்ணி பெரும்பாலும் கொஞ்சம் தெளிவா டீத்தண்ணி மாதிரி இருக்கும், ரோட்டைத் தொட்டதும் செக்கச்செவேல்னு மாறிச்சுன்னா உங்க ரோட்டு மண் கரைஞ்சு போயிட்டு இருக்குன்னு அர்த்தம். போன்ல வீடியோ எடுங்க, ஒவ்வொரு வீடியோவிலும் நம்பரை வாயால சொல்லுங்க.

4. தண்ணிக்கு வழி

ஒரு கணக்கு போட்டு பாப்போம். 3.75 மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம், அதுல 10 சென்டிமீட்டர் மழை. ரோட்டு மேல விழுந்தது மட்டும் 3,75,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் 31. மேல இருக்கற மலைச்சரிவுல இருந்து வர்றது தனி. நம்ம மலைல 10 சென்டிமீட்டர்லாம் பெரிய மழையே இல்ல, 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பெஞ்சது.

இன்னொண்ணு, தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது உருட்டிக்கிட்டு போற கல்லோட எடை ரெண்டு மடங்கு ஆகாது, 64 மடங்கு வரைக்கும் போகும். அதனால மொத்த வித்தையும் தண்ணியை ஒரே இடத்துல சேரவிடாம, வேகம் எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா காட்டுக்குள்ள திருப்பி விடறதுலதான் இருக்கு.

முதல்ல ரோட்டோட முதுகு. நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரியணும், இதைத்தான் கேம்பர்னு சொல்வாங்க. நம்ம மாதிரி மழை ஜாஸ்தியா இருக்கற ஊருக்கு மண் ரோடுன்னா 5 சதவீதம், கிராவல் ரோடுன்னா 4, தார்னா 3.5, கான்கிரீட்னா 2.5 இருக்கணும்னு கிராமச் சாலைக்கான கையேடு சொல்லுது. அதாவது 3.75 மீட்டர் மண் ரோட்டுல நடு முதுகு ஓரத்தை விட 9 சென்டிமீட்டர் உசரமா இருக்கணும். ஒரு நூலும் ஸ்கேலும் இருந்தா யாரு வேணா செக் பண்ணலாம், வேலை நடக்கும்போதே பண்ணுங்க. டயர் தடம் பள்ளமா விழுந்து நடுவுல புல்லு வளந்த ரோட்டுல தண்ணி ஓரத்துக்கு போகவே போகாது, டயர் தடத்துலயே கிலோமீட்டர் கணக்குல ஓடும்.

அடுத்து மலைப்பக்க வாய்க்கால். மழைக்கு முன்னாடி மண்வெட்டி போட்டு இலை, மண், கல்லு எல்லாத்தையும் எடுக்கணும். இதுல ஜேசிபி வேண்டாம்னு கையெடுத்து கும்பிட்டு சொல்றேன். ஜேசிபிக்காரர் வாளியை வெச்சு ஒரு இழுப்பு இழுத்தா வாய்க்கால் ஆழமாயிரும், சந்தோஷமா இருக்கும், ஆனா அந்த வாளி மலைச்சரிவோட அடிமண்ணையும் சேத்து நறுக்கிட்டு போயிருக்கும், அடி நறுக்கின சரிவு அடுத்த மழையில மொத்தமா இறங்கி வாய்க்காலை மூடிடும், அதை எடுக்க மறுபடி ஜேசிபி. இந்த வட்டத்துல மாட்டின ரோடுகள் நிறைய இருக்கு. நாலு ஆள் மண்வெட்டியோட ஒரு வாரம் செய்யற வேலை இதை விட சுத்தமா இருக்கும், கூலியும் ஊருக்குள்ளயே நிக்கும். சரிவு ஜாஸ்தியா இருக்கற இடத்துல வாய்க்கால் அடியில கல்லு பரப்பிடுங்க, இல்லைன்னா வாய்க்காலே ஆழமா அறுத்துக்கிட்டு ரோட்டை உள்ள இழுக்கும்.

வாய்க்கால் தண்ணியை நடுநடுவுல வெளிய விட்டாகணும். பள்ளப்பக்கம் சமமா இருக்கற இடமெல்லாம் வெட்டி காட்டுக்குள்ள திருப்பி விடுங்க, சரிவான ரோட்டுல 30, 40 மீட்டருக்கு ஒண்ணு இருந்தா நல்லது. கல்வெர்ட் போட காசு இல்லாத மண் ரோட்டுல, ரோட்டுக்கு குறுக்க சாய்வா ஒரு அகலமான பள்ளம் எடுத்து அதுக்கு கீழ்பக்கம் மேடு குடுத்து இறுக்கிட்டா ஜீப்பும் ஏறி இறங்கும், தண்ணியும் குறுக்க போயிரும். பஸ் போற ரோடுன்னா நீளமா, மெதுவா ஏறி இறங்கற மாதிரி எடுக்கணும், இல்லைன்னா பின்பக்கம் இடிக்கும்.

கல்வெர்ட்டுக்கு வருவோம். சின்ன குழாய் விலை கம்மின்னு 300, 450 மில்லிமீட்டர்ல போட்டுடறாங்க, காட்டுல அது ஒரு சீசன் கூட தாங்காது. மூங்கில் இலை, தேக்கு இலை, காஞ்ச கிளை, இப்பெல்லாம் சிப்ஸ் கவரும் தண்ணி பாட்டிலும், எல்லாம் வந்து வாயில பின்னிக்கும். 600-க்கு குறையாதீங்க, முடிஞ்சா 900 அல்லது 1000 போடுங்க, ஒரு ஆள் குனிஞ்சு உள்ள போய் சுத்தம் பண்ண முடியணும். மேல்பக்கம் மண் தங்கற தொட்டி ஒண்ணு கட்டி மழைக்காலத்துல அதை அடிக்கடி காலி பண்ணணும். கீழ்பக்கம் தண்ணி விழற இடத்துல பெரிய கல்லா பரப்பணும், வெறும் மண்ணுல விழுந்தா அது பின்னாடியே அரிச்சுக்கிட்டு வந்து கல்வெர்ட்டையே சாய்ச்சிடும். வருஷம் பூரா தண்ணி ஓடற ஓடைன்னா குழாயோட அடி ஓடை மட்டத்துக்கு கொஞ்சம் கீழ புதையணும், அப்பத்தான் மீனும் நண்டும் மேல ஏறி போக முடியும், குழாய் அந்தரத்துல நீட்டிக்கிட்டு தண்ணி அருவி மாதிரி விழுந்தா அந்த ஓடை அதுங்களுக்கு ரெண்டா துண்டாயிரும்.

பெரிய பள்ளம் குறுக்க வந்தா உசரமான பாலத்துக்கு காசு வர்ற வரைக்கும் தரைப்பாலம்தான். கடம்பூர்ல இருந்து மாக்கம்பாளையம் போற வழியில குரும்பூர் பள்ளம், சர்க்கரைப்பள்ளம்னு ரெண்டு இருக்கு, அதுல தண்ணி வந்தா ஊரே துண்டாகி நின்ன கஷ்டம் அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நல்லா தெரியும். தரைப்பாலம் கட்டும்போது சின்ன சின்னதா நிறைய குழாய் வெக்காதீங்க, அடிச்சுக்கிட்டு வர்ற மரம் அதுல மாட்டி தண்ணி சுத்திப் போய் ரெண்டு பக்க மண்ணையும் அறுத்துட்டு பாலம் மட்டும் நடுவுல தீவு மாதிரி நிக்கும். தண்ணி மேல வழிஞ்சு போறதுக்கு தோதா தாழ்வா கட்டி, ரெண்டு கரையிலயும் நல்லா உள்ள வரைக்கும் கான்கிரீட்டை கொண்டு போகணும். ஓரத்துல ஆழம் காட்டற அளவுகோல் கல்லு நட்டு, முழங்கால் அளவு தண்ணி ஓடினா வண்டி இறக்கக்கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடாவே வெச்சுக்கங்க.

5. மேல்பரப்பு

தண்ணி வேலை முடிஞ்சாத்தான் இதுக்கு வரணும். குழி அடைக்கறதுல எல்லாரும் செய்யற தப்பு, குழிக்குள்ள ஜல்லியை கொட்டி மேல தாரை ஊத்திட்டு போறது, ரெண்டே மாசத்துல கழண்டு வரும். குழியைச் சுத்தி கெட்டியான இடம் வர்ற வரைக்கும் சதுரமா வெட்டுங்க, ஓரம் செங்குத்தா இருக்கணும், உள்ள இருக்கற சேறு, தூசி எல்லாத்தையும் துடைப்பம் போட்டு எடுங்க, அடியிலயும் ஓரத்துலயும் எமல்ஷன் (தண்ணியோட கலந்த தார்) பூசுங்க, கலவையை ஒரு தடவைக்கு ஒரு அடுக்கா போட்டு இடிச்சு இறுக்குங்க, கடைசியில ரோட்டு மட்டத்தை விட ஒரு நூல் உசரமா விடுங்க, வண்டி ஏறி ஏறி சமமாயிரும்.

பிப்ரவரில இருந்து மே வரைக்கும் காட்டுக்குள்ள தார் காய்ச்சவே கூடாது. ஒரு பொறி பறந்தா காஞ்ச புல்லுல பிடிச்சு மலையே எரியும். சூடு பண்ணாம போடற கோல்ட் மிக்ஸ், எமல்ஷன் கலவை எல்லாம் இப்ப மூட்டையிலயே வருது, கொஞ்சம் விலை கூட, இருந்தாலும் காட்டுக்கு அதுதான் சரி. வேலையாட்கள் சமைக்கற அடுப்பும் அப்படித்தான், ரோட்டு மேலயே வெச்சு சமைச்சு தண்ணி ஊத்தி அணைச்சுட்டு கிளம்பணும்.

ரொம்ப செங்குத்தான ஏத்தம், ஊசி வளைவு, எப்பவும் ஊத்து கசியற இடம், இந்த மூணுலயும் தார் நிக்காது. அந்த துண்டுகளுக்கு மட்டும் கான்கிரீட் போடச் சொல்லி கேளுங்க, முழு ரோட்டுக்கும் வேண்டாம். கான்கிரீட் போட்டா ரெண்டு வாரமாவது சாக்கு போட்டு தண்ணி விட்டு ஈரமா வெச்சிருக்கணும். இதை ஊர்ல ஒருத்தர் பொறுப்பெடுத்து பாக்கலைன்னா நடக்காது, மேல வெடிப்பு வந்ததுக்கப்புறம் கத்தி பிரயோஜனம் இல்ல.

கிராவல் ரோடுன்னா வெளியில இருந்து வர்ற மண்ணை ஒரு தடவை பாத்துடுங்க. குப்பைமேட்டுப் பக்கம் எடுத்த மண்ணுல பார்த்தீனியம், உண்ணிச்செடி விதை எல்லாம் கலந்து வந்து ரோட்டு ஓரமாவே காட்டுக்குள்ள பரவிடும், அதுக்கப்புறம் அதை ஒழிக்கறது எந்த ஊராட்சியாலயும் முடியாது.

6. சரிவும் தடுப்புச்சுவரும்

தடுப்புச்சுவர் சாயறது பெரும்பாலும் சுவர் மெலிசா இருக்கறதால இல்ல, பின்னாடி தண்ணி தேங்கறதால. சுவர்ல நீர்த்துளை விட்டிருப்பாங்க, அதுக்குப் பின்னாடி உடைகல் நிரப்பாம மண்ணையே போட்டு மூடிடுவாங்க, துளை அடைச்சுக்கும். மழையில துளைல தண்ணி வருதான்னு பாருங்க, வரலைன்னா கம்பி விட்டு குத்தி சுத்தம் பண்ணுங்க. புதுசா கட்டறதுன்னா என் ஓட்டு கம்பி வலைக்குள்ள கல்லு அடுக்கற கேபியனுக்குத்தான், தண்ணி தானா வழிஞ்சு போகும், கொஞ்சம் மண் இறங்கினாலும் வளைஞ்சு குடுக்கும், உடையாது.

வெட்டி எடுத்த மண்ணை பள்ளப்பக்கம் தள்ளிவிடறதை நிறுத்தணும். தள்றவங்களுக்கு சுலபம், ஆனா அது கீழ இருக்கற மரத்தையெல்லாம் மூடி, மழையில சேறா ஓடி, அடுத்த வளைவுல அதே ரோட்டு மேலயே வந்து விழும். சமமான இடமா பாத்து கொண்டு போய் கொட்டி புல்லு பிடிக்க விடுங்க. வெறுமையா இருக்கற சரிவுல மழை தொடங்கற சமயத்துல வெட்டிவேர் நாத்தை ஒரு ஜாண்கூட இடைவெளி விடாம வரிசையா நட்டா ரெண்டு வருஷத்துல நல்லா பிடிச்சுக்கும், உள்ளூர்ப் புல்லு இருந்தா அதுவும் போதும். சவுக்கு, தைலம், சீகை மாதிரி மரங்களை அங்க கொண்டு வராதீங்க.

7. ஓரத்துச் செடி, மரம், மிருகம்

வளைவுகள்ல எதுத்தாப்புல என்ன நிக்குதுன்னு தெரியாம போறதுதான் நிறைய ஆபத்துக்கு காரணம். உண்ணிச்செடி புதரை ரோட்டு ஓரத்துல ரேஞ்சர் சொல்ற அகலத்துக்கு வெட்டி எடுத்தா டிரைவருக்கு யானை தெரியும், யானைக்கும் வண்டி தெரியும், ரெண்டு பேரும் ஒதுங்க நேரம் கிடைக்கும். ஜனவரிக்குள்ள இதை முடிச்சா அதுவே தீத்தடுப்புக் கோடாவும் ஆயிடும். ஆனா மேல இருக்கற பெரிய மரக்கிளைங்க ரோட்டுக்கு மேல கை கோத்து நிக்கற இடத்தை தொடாதீங்க. குரங்கு, மலை அணில் எல்லாம் கீழ இறங்காம கடக்கற வழி அதுதான். வால்பாறை புதுத்தோட்டத்துல அந்த இணைப்பு இல்லாம போனதாலதான் சிங்கவால் குரங்குகளுக்காக ரோட்டுக்கு மேல தொங்குபாலம் கட்ட வேண்டி வந்தது. பட்டுப்போய் சாயற மாதிரி நிக்கற மரத்தை மட்டும் நம்பர் போட்டு ஃபாரஸ்டுக்கு எழுதிக் குடுங்க, அவங்கதான் வெட்டணும்.

வேகத்தடை போடறதுன்னா ஒழுங்கா 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உசரத்துல போடணும். கூரா ஒரு மேடு போட்டா ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கறவங்களுக்கு உயிர் போற வலி. ஓரத்துல நீளமா சுவர் எழுப்பினா நடுநடுவுல மிருகம் போற வழியில இடைவெளி விடணும், பழங்குடி பெரியவங்களை கேட்டா எந்த இடத்துல யானை கடக்கும்னு அப்படியே காட்டுவாங்க. கான்கிரீட் வாய்க்கால் செங்குத்து சுவரா இருந்தா ஆமையும் குட்டிகளும் விழுந்தா ஏற முடியாது, ஒரு பக்கமாவது சாய்வா கட்டச் சொல்லுங்க. தெருவிளக்கு ஊருக்குள்ள போதும், காட்டுப்பகுதியில வேண்டாம்.

ராத்திரி போக்குவரத்து கட்டுப்பாடு பத்தியும் சொல்லணும். பண்ணாரி–திம்பம் மலைப்பாதையில (27 கொண்டை ஊசி வளைவு, இப்ப என்.எச். 948) 2019 ஜனவரியில கலெக்டர் போட்ட ராத்திரித் தடை உத்தரவை 2022 பிப்ரவரி 10-ல இருந்து அமல்படுத்த ஹைகோர்ட் சொன்னது, பந்திப்பூர்ல 2009-ல இருந்தே ராத்திரி 9 மணில இருந்து காலையில 6 வரைக்கும் அடைப்பு. மலைக்கார விவசாயிங்க போராடினது எனக்குத் தெரியும், அவங்க கஷ்டம் நிஜம். ஆனா ரோட்டுக்காரனா ஒண்ணு சொல்லணும், கனரக லாரி ராத்திரி பகலா ஏறின மலைப்பாதையும் ஏறாத மலைப்பாதையும் ஒரே மாதிரி நிக்காது. உங்க ஊர் ரோட்டுக்கு எடைக் கட்டுப்பாடு கேட்டு கிராம சபையில தீர்மானம் போடுங்க, ஆம்புலன்ஸுக்கும் உள்ளூர்க்காரங்களுக்கும் விலக்கு அதுலயே எழுதிடுங்க. கரும்பு லாரில இருந்து ஒடிஞ்சு விழற கரும்பை உடனே எடுத்துப் போடற வேலையையும் யாருக்காவது குடுங்க, திம்பம் தாண்டி கர்நாடகா எல்லையில இருக்கற காராப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைங்க லாரிக்காக காத்து நிக்க பழகினது அந்த ருசியாலதான்.

8. எந்த மாசம் என்ன வேலை

கூடலூர், வால்பாறை மாதிரி தென்மேற்கு மழை ஊருக்கு மே 20-க்குள்ள வாய்க்காலும் கல்வெர்ட்டும் முடிஞ்சிருக்கணும். சத்தி, பர்கூர், கொல்லிமலை, குன்னூர் பக்கம் ஐப்பசி மழைதான் அடிக்கும், அங்க செப்டம்பர் கடைசிக்குள்ள, ஆனா கோடை மழைக்கும் ஒரு தடவை ஏப்ரல்ல எட்டிப் பாத்துடணும். மழைக்காலம் பூரா ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் காலையில ஒரு நடை. தார், கான்கிரீட் வேலை மழை ஓஞ்சு டிசம்பர் கடைசி, ஜனவரி. புதர் வெட்டு ஜனவரி. தீ சீசன்ல கல்லு அடுக்கறது, தொட்டி கட்டறது மாதிரி நெருப்பில்லாத வேலை மட்டும்.

இதுக்கு நிரந்தரமா ரெண்டு மூணு பேர் வேணும். ஒரு காலத்துல ஹைவேஸ்ல ஒவ்வொரு துண்டு ரோட்டுக்கும் கேங்மேன் இருப்பார், அவருக்கு தன் துண்டுல எந்த கல்லு எப்ப உருளும்னு தெரியும். அதே முறையை ஊர் அளவுல கொண்டு வாங்க. ஊராட்சி நிதியிலயோ, எந்த வேலைத்திட்டம் நடப்புல இருக்கோ அதுலயோ, ஒரு கிலோமீட்டரை ஒருத்தர் பேர்ல எழுதுங்க. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், தட்டு, ரெயின்கோட், பூட்ஸ், டார்ச், இவ்வளவுதான் செலவு. ஒரு நோட்டு போட்டு தேதி, கிலோமீட்டர், பாத்தது, செஞ்சதுன்னு எழுதச் சொல்லுங்க. அடுத்த எஸ்டிமேட்டுக்கு இன்ஜினியர் வரும்போது அந்த நோட்டை மேசையில வெச்சா பேச்சே மாறும்.

9. மழையில சரிஞ்சிட்டா

முதல்ல ரெண்டு பக்கமும் ஆளை நிறுத்தி வண்டியை தடுங்க. சரிஞ்ச மண்ணை உடனே எடுக்கப் போகாதீங்க, ஒரு சரிவுக்கு அப்புறம் அதே இடத்துல இன்னொண்ணு வர்றது சகஜம். மேல புதுசா வெடிப்பு தெரியுதா, மரம் சாய்ஞ்சிருக்கா, சின்ன கல்லு உருண்டுக்கிட்டே இருக்கா, தண்ணி திடீர்னு கலங்கலா வருதான்னு தள்ளி நின்னு பாருங்க. இதுல எது இருந்தாலும் யாரும் அடியில நிக்கக்கூடாது. தாசில்தார், ரேஞ்சர், ஒன்றியம் மூணு இடத்துக்கும் கிலோமீட்டர் நம்பரோட போன் பண்ணுங்க, மாவட்ட பேரிடர் எண் 1077.

எடுக்க ஆரம்பிக்கும்போது முதல்ல தண்ணிக்கு ஒரு வழி வெட்டுங்க, அப்புறம் பைக் போற அளவுக்கு, அப்புறம் ஜீப் போற அளவுக்கு, எல்லாத்தையும் ஒரே நாள்ல வழிச்சு எடுக்க வேண்டாம், அடிமண்ணை மொத்தமா எடுத்தா மேல இருக்கறது ஆதாரம் இல்லாம இறங்கிடும். பள்ளப்பக்கம் அறுத்திருந்தா மிச்ச ரோட்டுல ஓரத்துல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி கல்லு வரிசை வெச்சு அதுக்கு அந்தப்பக்கம் டயர் போகாம பாருங்க, அறுத்த இடத்துக்கு வர்ற தண்ணியை மணல் மூட்டை அடுக்கி வேற பக்கம் திருப்புங்க. கர்ப்பிணிங்க, டயாலிசிஸ் போறவங்க, படுக்கையில இருக்கறவங்க பட்டியலை ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாடியே நர்ஸம்மாகிட்ட வாங்கி வெச்சுக்கங்க, மாசம் நெருங்கினவங்களை ரோடு நல்லா இருக்கும்போதே கீழ சொந்தக்காரங்க வீட்டுக்கோ ஆஸ்பத்திரி பக்கமோ அனுப்பிடுங்க.